பாட்டில் அழுவது யார்?

பாட்டு எழுதுகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சொந்த அனுபவமா?" கேட்கும்போதே குரல் தணிந்துவிடும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிறைவு. இல்லை என்றால் முகம் வாடிவிடும், ஏமாற்றிவிட்டான் என்ற எண்ணம் கண்ணில் தெரியும். காதல் தோல்வியைப் பற்றி எழுதினால் காதலித்துத் தோற்றிருக்க வேண்டும், அம்மாவைப் பற்றி எழுதினால் அம்மா இறந்திருக்க வேண்டும். மளிகைக் கடைக்காரரிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

நான் சினிமாவுக்கு எழுதுகிறவன் அல்ல. மயிலாடுதுறை வட்டாரத்தில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெளியிடும் பக்திப் பாடல்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு, மணிவிழாவுக்கு வாழ்த்து, நினைவு நாளுக்கு அஞ்சலி என்று வந்ததை எழுதிக் கொடுப்பவன். தேர்தல் சமயத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கட்சிகளுக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டு பாட்டிலும் ஏழைகளுக்காக மனம் உருகியிருந்தேன். உருக்கம் பொய்யில்லை. ஆனால் அது எந்தக் கட்சியின் உருக்கம் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஆகவே, பாட்டுக் கட்டுகிறவர்கள் ஏன் கட்டுகிறார்கள், அதில் உணர்ச்சி எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வி எனக்குத் தத்துவக் கேள்வி அல்ல, தொழில் கேள்வி. மனத்தில் பொங்குவதைக் கொட்டினால் அதுவே பாட்டு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொங்கும்போது யாரும் எதுகை பார்ப்பதில்லை. என் வீட்டில் சாவு விழுந்த நாட்களில் ஒரு வரிகூட எழுத வந்ததில்லை, எழுத உட்காரவும் தோன்றியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று அவருடைய மகன்கள் வந்தார்கள். கையில் ஒரு தாள் இருந்தது. "உழைப்பின் சிகரம், அன்பின் இமயம், பண்பின் பெட்டகம்" என்று அதில் எழுதியிருந்தது. தெருமுனைப் பதாகைகளில் எந்தப் படத்தின் கீழும் போடக்கூடிய சொற்கள். "சார், இதையெல்லாம் பாட்டில் கொண்டு வந்துவிட வேண்டும். அப்பா பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும்" என்றான் மூத்தவன். அவர்கள் பேசும்வரை வாசலிலேயே நின்றிருந்த மகள், கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா ரிப்பேர் முடித்துச் சைக்கிளைக் கொடுக்கும்போது மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். பஞ்சர் ஒட்ட வந்த சைக்கிளாக இருந்தாலும் மணியைச் சரிபார்ப்பார்."

எனக்கு வேண்டியது அதுதான். இமயமும் சிகரமும் அந்தத் தாளிலேயே தங்கிவிட்டன.

மெட்டுப் போடுகிற நண்பர் என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்பார். முதலில் மெட்டு, பிறகு பாட்டு என்பதுதான் எங்கள் வழக்கம். அவர் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு தத்தகாரம் பாடுவார். தானன தானன தனனா என்று போகும். நான் அதன் மேல் சொல்லை உட்கார வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறையில் அடைத்ததுபோலத் தெரிகிறது. உண்மையில் விடுதலை இதில்தான் இருக்கிறது. எதைப் பற்றியும் எழுதலாம் என்றால் கை ஓடாது. இந்த இடத்தில் இரண்டு குறில், அடுத்து ஒரு நெடில், அதற்குப் பிறகு மூச்சு வாங்க இடம் என்று மெட்டு சொல்லிவிட்டால், துக்கத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம். துக்கம் அந்த நேரத்தில்தான் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது.

மெட்டுக்கு எழுதிப் பழகியவர்களுக்குச் சில விஷயங்கள் காதிலேயே பதிந்துவிடும். மேல் ஸ்தாயியில் நிற்கிற இடத்தில் இகரத்தையோ உகரத்தையோ வைத்தால் பாடுகிறவரின் தொண்டை இறுகும். அங்கே ஆகாரம் வேண்டும். வரி முடிகிற இடத்தில் மகர ஒற்று வந்தால் ரீங்காரமாக இழுத்து முடிக்கலாம், விட்டு, பட்டு என்பதுபோல வல்லினக் குற்றியலுகரம் வந்தால் கதவைச் சாத்தியதுபோல அறுந்துவிடும். கோபத்துக்கு அது நல்லது, ஏக்கத்துக்கு ஆகாது. பொருளால் மட்டும் வருவதாக நாம் நினைக்கும் உணர்ச்சியில் பாதி, வாயின் அமைப்பால் வருகிறது. வாய் திறந்தபடி நிற்கிற சொல் ஒன்றை நீட்டிப் பாடும்போது, பாடுகிறவர் கல்நெஞ்சக்காரராக இருந்தாலும் அவர் முகம் அழுகிறவரின் முகமாக ஆகிவிடும்.

சைக்கிள் கடைக்காரரின் பாட்டில், பல்லவி முடியும் இடத்தில் மூன்று நெடில் கேட்டது மெட்டு. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றும் தனியாக. எனக்கு எதுவும் அகப்படவில்லை. இடத்தை நிரப்பி வைக்கத் தற்காலிகமாக "நாளை வா" என்று எழுதி வைத்தேன். சைக்கிள் கடைக்காரரும் தையல்காரரும் நாள் முழுவதும் சொல்லும் சொல். நாலு நாளில் நல்லதாக ஒன்று கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நண்பர் மாற்ற விடவில்லை. "இது இருக்கட்டும் அண்ணே, மூன்றும் திறந்து நிற்கிறது" என்றார். அவர் பொருளைச் சொல்லவில்லை, உயிரெழுத்துகளைச் சொன்னார்.

நினைவு நாளன்று பாட்டு ஒலித்தது. மணியடிக்கும் வரிக்கு மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுதாள். மற்ற எல்லோரும் கலங்கியது "நாளை வா" என்ற இடத்தில். பின்வரிசையில் ஒரு அம்மாள் விசும்பிக்கொண்டே இருந்தார். அந்தக் குடும்பத்துக்கு உறவில்லை, அதே தெருவில் குடியிருப்பவர் என்றார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பாட்டு எழுதியவன் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என் தம்பி பணம் கேட்டு வந்தபோது நான் அதைத்தான் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரசத்துக்கு இலையைக் குழித்துக்கொண்டார்.

எனக்கு அந்தத் தம்பியைத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியாது. நான் மூன்று நெடிலுக்காக வைத்த சொல்லில் அவர் எப்படி வந்து உட்கார்ந்தார்? அன்றிலிருந்துதான் பாட்டைச் சத்திரம் என்று நினைக்க ஆரம்பித்தேன். கட்டுகிறவர் கட்டிவிட்டுப் போய்விடுகிறார், வழிப்போக்கர்கள் அவரவர் மூட்டையோடு வந்து தங்குகிறார்கள். கட்டியவர் தன் மூட்டையை நடுக்கூடத்தில் போட்டு வைத்திருந்தால் வருகிறவர்களுக்குப் படுக்க இடமிருக்காது.

பழந்தமிழ் அகப்பாட்டுக்கு இந்த விவரம் தெரிந்திருந்தது. அகத்திணையில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவி, தலைவன், தோழி, அவ்வளவுதான். பாடியவர் ஆணாக இருப்பார், பேசுவது தலைவியாக இருக்கும். பாலை வழியே போன தலைவனை நினைத்து மெலிகிற பெண்ணின் குரலில் ஓதலாந்தையாரும் பாலை பாடிய பெருங்கடுங்கோவும் பாடினால், இவர்களுக்கு இந்த அனுபவம் ஏது என்று யாரும் கேட்டதில்லை. சொந்த அனுபவமா என்ற கேள்வி நமக்கு மிகவும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அந்த மகன்கள் முதல் வரியில் அப்பாவின் பெயரைக் கேட்டபோது நான் பிடிவாதமாகச் சரணத்துக்குத் தள்ளினேன். பல்லவியில் பெயர் வந்திருந்தால் அந்த அம்மாளால் உள்ளே நுழைந்திருக்க முடியாது.

ஒப்பாரியைக் கவனித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு அழும்போது, எல்லோரும் அங்கே கிடக்கிற ஒருவருக்காகவே அழுகிறார்கள் என்று நினைப்பது ஆண்களின் அறியாமை. அவரவர் தாய்வீட்டுத் துயரம், அண்ணன் பேசாமல் போனது, வாழ்ந்து கெட்டது, பிள்ளை கைவிட்டது எல்லாம் அந்த மெட்டுக்குள் வந்துவிடும். வெளிப்படையாகச் சொன்னால் சண்டையாகப் போகிற குறையைக்கூட ஒப்பாரியில் சொல்லலாம், சாவு வீட்டில் யாரும் எழுந்து பதில் சொல்ல மாட்டார்கள். "என்னைப் பெற்ற அம்மா" என்ற விளியும், பொன், முத்து, தேர், பந்தல் என்று வரிசையாக வரும் உவமைகளும் ஊருக்குப் பொதுச்சொத்து. யாரும் புதிதாக உருவாக்குவதில்லை. புதிதாக உருவாக்க வேண்டியிருந்தால் அந்த நிலையில் யாராலும் முடியாது. தயாராக இருக்கும் வாய்பாட்டில் தன் வீட்டுச் செய்தி ஒன்றைச் செருகினால் போதும், பாட்டு தனதாகிவிடும். நன்றாக ஒப்பாரி வைப்பவர் என்று ஊரில் பெயரெடுத்த கிழவிகளைக் கவனித்தால் தெரியும். அடுத்த அடி எங்கே தொடங்க வேண்டும், எங்கே மூக்கைச் சிந்த நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் புது ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் அவர்கள் கணக்குத் தவறுவதில்லை. அழுகை உண்மை, கணக்கும் உண்மை. இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

காசுக்காக எழுதினால் உணர்ச்சி வராது என்பதும் அப்படி ஒரு பாடம்தான். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகிச் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் விற்ற மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களைப் பாருங்கள். எங்காவது கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கு ஒரு பாட்டு. தலைப்பில் வர்ணமெட்டு இன்னது என்று போட்டிருக்கும், ஊருக்கெல்லாம் தெரிந்த ஏதாவது ஒரு நாடகப் பாட்டின் மெட்டு. விற்கிறவரே டேப் என்ற தோல்கருவியை அடித்துப் பாடிக் காட்டுவார், கூட்டம் கூடும், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சில்லறையை எடுப்பார்கள். எழுதியவர் செத்தவரைக் கண்ணால் கண்டதில்லை. செய்தித்தாளில் வந்த நாலு வரியும், கடன் வாங்கிய மெட்டும், அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும்தான் அவருக்குத் தூண்டுகோல். நல்ல சிந்தும் இருந்தது, மட்டமான சிந்தும் இருந்தது. நல்லதை எழுதியவர் அதிகம் துக்கப்பட்டார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எந்த விவரத்தைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மெட்டிலேயே சோகம் இருக்கிறதே என்பார்கள். ஓரளவுக்கு இருக்கிறது. முகாரி என்றால் அழுகை என்று பேச்சு வழக்கே வந்துவிட்டது, புலம்புகிறவனிடம் முகாரி பாடாதே என்கிறோம். ஆனால் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் வியந்து பாடியதும் முகாரியில்தான். அதில் அழுகையைத் தேடினாலும் கிடைக்காது. ராகம் கொஞ்சம் சாய்மானம் தருகிறது, சொல்தான் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முடிவு செய்கிறது.

இவ்வளவும் பேசிவிட்டு எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்து, 1896இல் காலமானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆதரித்த செல்வர்கள் வீட்டில் தங்கி, கதை சொல்லியும் பாடியும் வாழ்ந்தார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் 1860களின் தொடக்கத்தில் அச்சாயின. காரைக்காலில் இருந்த சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதற்கு உதவினார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சில்லறை விவரங்களில் ஒன்று.

நந்தனாரைப் பற்றிச் சுந்தரர் சொன்னது அரை அடி. "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்", அவ்வளவே. சேக்கிழார் அதைக் கதையாக விரித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியில் இருந்த நந்தனார், கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தார் என்கிறார் அவர். கோயிலுக்குள் ஒலித்த இசைக்கு வேண்டிய பொருளை அனுப்பியவர், வாசலுக்கு வெளியே நின்றவர். பெரியபுராணத்தில் இந்த இடத்தைக் கடந்து போக என்னால் முடிந்ததில்லை. ஆனால் சேக்கிழாரிடம் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் கிடையாது. அந்த வேதியரைப் பாரதியார்தான் கொண்டு வந்தார். நாற்பது வேலிப் பயிரையும் முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று சொல்கிற மிராசுதார், "மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா" என்று ஏசுகிற குரல் எல்லாம் அவர் கட்டியவை.

அவர் யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இதைக் கட்டினார் என்பதை நினைக்க வேண்டும். காவிரிக் கரை மிராசுதார்களின் கூடங்களில்தான் இந்தக் கதை நடந்தது. வேதியரின் வசை அவர்கள் தினமும் களத்துமேட்டில் பேசிய பேச்சு. பாரதியார் அந்தணர், பண்ணையாள் அல்லர். சிதம்பரம் கோயிலுக்குள் போக அவரை யாரும் தடுத்ததில்லை. சொந்த அனுபவமா என்று அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

"வருகலாமோ ஐயா" என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாஞ்சி ராகம், பைரவிக்குச் சகோதரி போன்றது, அவசரப்படாதது. வரலாமோ என்றுதான் எழுத்தில் எழுதுவோம். பாரதியார் வைத்தது வருகலாமோ. வ, ரு, க என்று மூன்று குறில்கள் அடிமேல் அடி வைத்துத் தயங்கி வருகின்றன, பிறகு லா, மோ என்ற இரண்டு நெடில்கள் கையை ஏந்தி நின்றுவிடுகின்றன. பண்டிதர் பார்த்தால் அந்தக் ககரத்தைத் தூக்கிவிடுவார். தூக்கினால் ஒரு படி குறைந்துபோகும், கேட்பவருக்குத் தயக்கம் தெரியாது. உள்ளே வரட்டுமா என்று கேட்பவன் நிற்கிற இடம் அந்தக் கூடுதல் குறிலில் இருக்கிறது. பாரதியார் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துச் செய்தாரா, வாயில் வந்ததா என்பது முக்கியமில்லை. வாயில் அப்படி வருவதற்கு எத்தனை காலம் பாடியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பண்டிதர் ஒருவர் பார்க்கவும் செய்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது மாயூரத்தில் இருந்தார். கீர்த்தனைகளுக்கு அவரிடம் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முகப்புச் செய்யுள், வாங்க வேண்டும் என்று பாரதியாருக்கு ஆசை. பிள்ளையவர்களுக்கோ இலக்கணப் பிழைகள் கண்ணை உறுத்தின, சேக்கிழாரில் இல்லாததைச் சேர்த்ததும் பிடிக்கவில்லை. தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர் உள்ளே ஓய்வாக இருந்த நேரத்தில், பாரதியார் திண்ணையில் காத்துக்கொண்டு, தமக்குத் தாமே கீர்த்தனைகளைப் பாட ஆரம்பித்தார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது காதில் விழுந்தபோது பிள்ளையவர்கள் உருகிப்போனார், பாயிரமும் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் பதிவு செய்த இந்த நிகழ்ச்சியைப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள், சாரம் இதுதான்.

இதே பிள்ளையவர்கள்தான் தம் மாணவரான சாமிநாதையர் பாரதியாரிடம் சங்கீதம் கற்கிறார் என்று தெரிந்தபோது அதை விரும்பவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியம் மனத்தில் தங்காது என்றார். மாணவர் சங்கீதத்தை நிறுத்திக்கொண்டார். ஒருமுறை உருகியதற்காகக் கொள்கையை விட்டுவிடும் மனிதர் இல்லை அவர். எனக்கு அதில் மரியாதைதான்.

பாரதியார் எல்லாப் பாட்டையும் உருகி உருகிக் கட்டினார் என்று நினைத்துவிட வேண்டாம். திருவையாற்றுக்குப் போனபோது தியாகராஜரின் சீடர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடிக் கேட்டார். ஆபோகியில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் கேட்க, இவர் பேசாமல் போய்விட்டு மறுநாள் "சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா" என்ற பாட்டோடு வந்தார் என்று சொல்வார்கள். ரோஷம், விளையாட்டு, பெரியவர் முன் நாமும் ஒன்று காட்டலாம் என்ற ஆசை. இவையும் பாட்டுக்குக் காரணம்தான். இன்று ஆபோகி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டு. கேட்டுக் கண்கலங்குகிறவர்கள் அதில் ரோஷத்தையா கேட்கிறார்கள்?

கடைசிச் சரணத்தில் கட்டியவரின் முத்திரை வருகிறதே, அது என்ன என்று கேட்கலாம். கோபாலகிருஷ்ணன் என்று தன் பெயரை வைத்திருக்கிறாரே. வைத்திருக்கிறார். சத்திரத்து வாசலில் கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பார்கள், யாரும் அதைப் படித்துவிட்டுத் தூங்கப் போவதில்லை.

நண்பரிடம் இதை எல்லாம் ஒரு மாலை முழுக்கப் பேசினேன். பாரதியாரை என் தரப்புக்குச் சாட்சியாக நிறுத்தினேன். அந்தணர் ஒருவர் பண்ணையாளின் குரலில் பாடுகிறார், நூறாண்டு கழிந்து மேடையில் பாடுகிறவரும் அந்தக் குரலை எடுத்துக்கொள்கிறார், அரங்கம் முழுக்க நந்தனார் ஆகிவிடுகிறது, பாட்டின் வேலை இதுதானே என்றேன். அவர் ஹார்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினார்.

"அரங்கம் முழுக்க நந்தனார் ஆகிறது, சரி. பாட்டு முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் அண்ணே. என் பாட்டனார் போகவில்லை. அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்."

அவருடைய பாட்டனார் எந்தக் கோயில் வாசலில் நின்றார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கோயில்தான். வருகலாமோ பாட்டின் சரணத்தில் நந்தனார் தன் சாதிப் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு கெஞ்சுகிறார். நண்பரைக் கோயில் விழாக்களில் அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அவர் ஒருமுறைகூட வாசித்ததில்லை. காரணத்தை நானாக ஊகித்து வைத்திருந்தேன், அவர் வாயால் கேட்டதில்லை. அன்று சொன்னார். "மட்டமான பாட்டாக இருந்தால் வாசித்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அது நல்ல பாட்டு. லாமோ என்று வருகிற இடத்தில் என் கை தானாகக் குழைகிறது. எனக்காக இன்னொருவர் அவ்வளவு அழகாகக் கெஞ்சி வைத்திருக்க வேண்டாம்."

நான் வழக்கமாகச் சொல்கிற பதில்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. அந்தக் கூடங்களில் மிராசுதார்களின் முகத்துக்கு நேராக அந்த வசையைப் பாடிக் காட்டியது சிறிய காரியமில்லை, கே.பி.சுந்தராம்பாளும் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக வந்தபோது கதை ஊர் ஊராகப் போனது, நந்தனாரைத் தீயில் இறக்கிய முடிவு பாரதியார் வைத்ததில்லை, சேக்கிழாரிலேயே இருப்பது. எல்லாம் உண்மை. எதையும் சொல்லவில்லை. சத்திரம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது யாருடைய மனையில் எழும்பியது என்று கேட்கிறவரிடம் கட்டடத்தின் அழகைப் பற்றி எப்படிப் பேசுவது? குரலைக் கடன் வாங்காமல் பாட்டுக் கட்ட முடியாது என்பதில் நான் இப்போதும் உறுதியாகத்தான் இருக்கிறேன். கடன் கொடுத்தவருக்கு அதில் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் என் கணக்கில் சேர்த்துவிட்டார்.

போன மாதம் அவர் கைப்பேசியில் ஒரு மெட்டு அனுப்பினார். யாரும் கேட்காத மெட்டு, விழாவும் இல்லை, சம்பளமும் இல்லை. தத்தகாரமாகத்தான் பாடியிருந்தார். கேட்ட உடனே மாஞ்சி என்று தெரிந்தது. ஆனால் தயங்கி வரும் குறில்கள் இல்லை, எடுத்த எடுப்பிலேயே நெடில். கூப்பிட்டு, யாருக்காக என்றேன். "எழுதுங்கள் அண்ணே, பிறகு பார்க்கலாம். ஒரு நிபந்தனை. ஐயா என்ற சொல் வரக் கூடாது. லாமோ என்று முடிகிற கேள்வியும் வரக் கூடாது."

கேள்வி வராமல் மாஞ்சியில் பல்லவி கட்டுவது எவ்வளவு கடினம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ராகம் கடைசியில் கேட்டுத்தான் நிற்கப் பார்க்கிறது. இரண்டு பல்லவி எழுதி அனுப்பினேன். முதலாவதில் பணிவு தெரிகிறது என்று திருப்பிவிட்டார். இரண்டாவதில் கோபம் தெரிகிறது, அது உங்கள் கோபம், என்னுடையது அப்படி இருக்காது என்றார். மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுபல்லவி தயார்.